வேறு கம்பெனி பிரைம் லென்ஸ் வாங்கலாமா? முதல் லென்ஸ் தேடுபவர்களுக்கு ஒரு விளக்கம்

கேமராவோடு வந்த கிட் லென்ஸில் கொஞ்ச காலம் படம் எடுத்தவர்களுக்கு, பின்னணி மங்கி முகம் மட்டும் துலங்கும் படம் எடுக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிடும். விசாரித்தால் "ஒரு பிரைம் லென்ஸ் வாங்கு" என்பார்கள். கடையில் கேட்டால் கேமரா கம்பெனியின் லென்ஸுக்கு ஒரு விலை சொல்வார்கள். கிட்டத்தட்ட அதே எண்கள் எழுதிய, சிக்மா, வில்ட்ராக்ஸ் போன்ற வேறு கம்பெனிகளின் லென்ஸ் பல சமயம் அதைவிட நன்றாகக் குறைந்த விலையில் இருக்கும். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒருவர், "அந்தப் பக்கமே போகாதே, ஃபோகஸ் தப்பும்" என்பார். இன்னொருவர், "எல்லாம் ஒரே கண்ணாடிதான், பெயருக்குத்தான் கூடுதல் காசு" என்பார். முதலாவது பழைய டிஎஸ்எல்ஆர் (உள்ளே வெளிச்சத்தைத் திருப்பும் ஒரு மிரர் உள்ள) கேமராக்களின் காலத்துப் பேச்சு. இரண்டாவது கண்ணாடியை மட்டும் பார்த்துச் சொல்வது. என் கணிப்பில், இன்றைக்குப் பிரைம் லென்ஸ்களின் கண்ணாடியைப் பற்றிப் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை. கேமராவும் லென்ஸும் தங்களுக்குள் எவ்வளவு நன்றாகப் பேசிக்கொள்கின்றன என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அது ஏன் என்று அடியிலிருந்து பார்ப்போம்.

பிரைம் லென்ஸ் என்ன செய்கிறது

பிரைம் லென்ஸ் என்பது ஜூம் ஆகாத லென்ஸ். அதற்கு ஒரே ஒரு ஃபோக்கல் லென்த்தான். ஃபோக்கல் லென்த் என்பது எவ்வளவு அகலமான காட்சி படத்துக்குள் வரும் என்பதைத் தீர்மானிக்கும் அளவு, மில்லிமீட்டரில் சொல்வார்கள். எண் கூடக்கூடக் காட்சி குறுகும், தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். 35 மி.மீ. பிரைம் எப்போதும் 35தான். இன்னும் நெருக்கமாக வேண்டும் என்றால் நாம்தான் நடந்து போக வேண்டும்.

ஜூம் லென்ஸ் எல்லா ஃபோக்கல் லென்த்திலும் தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காக, உள்ளே கண்ணாடிக் கூட்டங்களை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருக்கும். பிரைமுக்கு அந்தச் சுமை இல்லை. ஒரே ஒரு நிலையில் நன்றாக இருந்தால் போதும். அதனால் அதே செலவில் அதன் வாயைப் பெரிதாக வைக்க முடிகிறது. சிறிய கம்பெனிகளும் நல்ல பிரைம்களைச் செய்ய முடிவதற்கு இதுவே முக்கியமான காரணம்.

வாய் என்று சொன்னது அப்பர்ச்சரை. லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளைதான் அப்பர்ச்சர். எஃப்/1.8, எஃப்/5.6 என்று எழுதியிருப்பது, ஃபோக்கல் லென்த்தை அந்தத் துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் எண். 50 மி.மீ. லென்ஸில் எஃப்/1.8 என்றால் துளை சுமார் 28 மி.மீ.; எஃப்/5.6 என்றால் சுமார் 9 மி.மீ.தான். எண் சின்னதாக இருந்தால் துளை பெரிது என்பது இந்த வகுத்தலால்தான். வெளிச்சம் துளையின் பரப்பைப் பொறுத்தது என்பதால் வித்தியாசம் வேகமாக ஏறும். கிட் ஜூமை 50 மி.மீ.-ல் வைத்தால் பெரும்பாலும் எஃப்/5.6 தான் கிடைக்கும். அதோடு பார்த்தால் எஃப்/1.8 பிரைம் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. கோயில் பிரகாரத்திலும், டியூப்லைட் வெளிச்சத்தில் நடக்கும் வீட்டு விசேஷத்திலும் இந்தப் பத்து மடங்கு பெரிய வரம்.

அந்த வரத்தோடு ஒரு கஷ்டமும் சேர்ந்தே வருகிறது. துளை பெரிதாகும்போது, படத்தில் முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் ஆழம் குறையும். இதை டெப்த் ஆஃப் ஃபீல்டு என்கிறோம். ஏபிஎஸ்-சி கேமராவில் (அது என்னவென்று அடுத்துச் சொல்கிறேன்) 56 மி.மீ. லென்ஸை எஃப்/1.4-ல் வைத்து ஒன்றரை மீட்டர் தூரத்தில் இருப்பவரை எடுத்தால், அந்த ஆழம் மொத்தமே சுமார் 4 செ.மீ. கண்ணில் ஃபோகஸ் இருந்தால் காது மங்கிவிடும். ஃபோகஸ் மூக்கு நுனிக்குப் போய்விட்டால் கண்ணே மங்கலாகும், படம் வீண்.

ஆக, பிரைமின் பெருமை பெரிய துளை. அந்தத் துளையை முழுசாகத் திறந்து பயன்படுத்த வேண்டுமானால் ஃபோகஸ் மிகத் துல்லியமாக விழ வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

எந்த எண்: 35-ஆ, 50-ஆ?

கேமராவுக்குள் படத்தைப் பதியும் தகடு சென்சார். பழைய 35 மி.மீ. ஃபிலிமின் அளவே உள்ளது ஃபுல் ஃப்ரேம். அதைவிடச் சிறியது ஏபிஎஸ்-சி. ஆரம்ப விலைக் கேமராக்கள் பெரும்பாலும் இந்த வகைதான். சிறிய சென்சார் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதால் படம் நெருக்கமாகத் தெரியும். ஃபோக்கல் லென்த்தை சோனி, நிக்கான், ஃபூஜி ஏபிஎஸ்-சியில் 1.5-ஆலும், கேனானில் 1.6-ஆலும் பெருக்கிப் பாருங்கள். 50 மி.மீ. லென்ஸ் ஃபுல் ஃப்ரேமில் 75, 80 மி.மீ. காட்டும் காட்சியையே காட்டும்.

இது தெரியாமல் "எல்லோரும் 50தான் முதலில் வாங்குகிறார்கள்" என்று வாங்கிவிட்டு, வீட்டுக்குள் இரண்டு பேரை நிறுத்தி எடுக்கச் சுவரோடு சுவராக ஒட்டி நிற்பவர்கள் ஏராளம். ஏபிஎஸ்-சி கேமராவில் எல்லாவற்றுக்கும் ஒரே பிரைம் என்றால் 30 அல்லது 35 தான் என் பரிந்துரை. முகங்கள் மட்டும் போதும் என்றால் 50, 56. சந்தேகமாக இருந்தால் கிட் லென்ஸில் எடுத்த உங்களுக்குப் பிடித்த படங்களின் விவரங்களைத் திறந்து, எந்த ஃபோக்கல் லென்த்தில் அவை எடுக்கப்பட்டன என்று பாருங்கள். யாரிடம் கேட்பதையும்விட அது நல்ல பதில் தரும்.

கேமராவும் லென்ஸும் பேசும் மொழி

டிவி ரிமோட் தொலைந்துவிட்டால் கடையில் வேறு கம்பெனி ரிமோட் ஒன்று வாங்குகிறோம். சத்தம் கூடும், சேனல் மாறும். ஆனால் சில டிவிகளில் மெனுவுக்குள் போகும் பொத்தான் மட்டும் வேலை செய்யாது. எந்தப் பொத்தானுக்கு எந்த சமிக்ஞை என்பதை டிவி கம்பெனியே கொடுத்திருந்தால் எல்லாம் வேலை செய்யும். கொடுக்கவில்லை என்றால், ரிமோட் செய்தவர் தானாகக் கண்டுபிடித்த அளவுக்குத்தான் வேலை செய்யும்.

லென்ஸிலும் இதுதான் நடக்கிறது. உங்கள் லென்ஸைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். வரிசையாகச் சிறிய தங்க நிறப் புள்ளிகள் இருக்கும். கேமராவில் லென்ஸ் பூட்டும் வளையத்துக்கு மவுன்ட் என்று பெயர். அதன் உட்புறத்திலும் அதே போலப் புள்ளிகள் இருக்கும். இரண்டும் தொட்டதும் பேச்சு ஆரம்பிக்கிறது. "ஃபோகஸை இவ்வளவு முன்னால் நகர்த்து", "துளையை எஃப்/4-க்கு மூடு" என்று கேமரா சொல்லும். "நான் இன்ன லென்ஸ், இப்போது இந்தத் தூரத்தில் நிற்கிறேன், என் படத்தில் ஓரங்கள் இவ்வளவு வளையும், அதைத் திருத்திக்கொள்" என்று லென்ஸ் பதில் சொல்லும். ஓடுகிற குழந்தையைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்யும்போது ஒரு நொடிக்குள் பல முறை இது நடக்கும். இந்தப் பேச்சின் விதிகளுக்குப் புரோட்டோகால் என்று பெயர்.

கேமரா கம்பெனி தன் லென்ஸுக்கு இந்த மொழியைத் தாய்ப்பாலோடு ஊட்டுகிறது. வேறு கம்பெனிக்கு இரண்டு வழிதான். ஒன்று, உரிமம் வாங்கி விதிகளைப் பெற்றுக்கொள்வது. இன்னொன்று, கேமராவும் அசல் லென்ஸும் பரிமாறிக்கொள்ளும் மின் சமிக்ஞைகளை அளந்து தானே கண்டுபிடிப்பது. இதை ரிவர்ஸ் இன்ஜினியரிங் என்பார்கள். இரண்டாவது வழியில் வந்த லென்ஸ் இன்றைக்கு நன்றாகவே வேலை செய்யலாம். நாளைக்கு கேமரா கம்பெனி புதிய மாடலில் பேச்சைக் கொஞ்சம் மாற்றினால்தான் சிக்கல்.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. கேனான் ஈஎஃப் மவுன்ட்டுக்கு வந்த பழைய சிக்மா லென்ஸ்கள் சில, பின்னால் வந்த கேனானின் ஈஓஎஸ் வரிசைக் கேமராக்களில் துளையை முழுசாகத் திறந்து வைத்தால் மட்டும் படம் எடுக்கும். துளையை மூடச் சொன்னால் எரர் காட்டி நின்றுவிடும். சிலவற்றுக்குச் சிக்மாவே சிப்பை மாற்றிக் கொடுத்தது, மிகப் பழையவற்றுக்கு அந்த வழியும் இல்லாமல் போனது. செகண்ட்ஹேண்டில் பழைய லென்ஸ் வாங்குபவர்கள் தங்கள் கேமராவிலேயே மாட்டி, எஃப்/8 வரை மூடிப் பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போதைய லென்ஸ்களில் நிலைமை பரவாயில்லை. லென்ஸுக்குள் இருக்கும் மென்பொருளை ஃபர்ம்வேர் என்கிறோம், அதைப் புதுப்பித்துக்கொள்ளலாம். பல வில்ட்ராக்ஸ் லென்ஸ்களில் மவுன்ட்டிலேயே யுஎஸ்பி துளை இருக்கிறது. சில லென்ஸ்களைக் கேமரா வழியாகவே புதுப்பிக்கலாம். இரண்டு வசதியும் இல்லாத ஆட்டோஃபோகஸ் (தானாகவே ஃபோகஸ் வைக்கும்) லென்ஸை நான் வாங்க மாட்டேன்.

உங்கள் மவுன்ட் எது?

ஆகவே "சிக்மா நல்லதா" என்று கேட்பதற்கு முன் "என் மவுன்ட்டில் வேறு கம்பெனிகளுக்கு அனுமதி இருக்கிறதா" என்று கேட்க வேண்டும். மவுன்ட்டுக்கு மவுன்ட் பதில் மாறும்.

சோனி இ மவுன்ட்டில் பயம் குறைவு. 2011-லேயே சோனி அதன் அடிப்படை விவரங்களை மற்ற லென்ஸ் கம்பெனிகளுக்கு இலவசமாகத் திறந்துவிட்டது. சந்தையில் இ மவுன்ட்டுக்கு இத்தனை லென்ஸ்கள் குவிந்திருப்பதில் அந்த முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ், 2008-ல் ஒலிம்பஸும் பானசோனிக்கும் சேர்ந்து கொண்டுவந்த கூட்டு மவுன்ட். எல் மவுன்ட்டில் 2018 முதல் லைக்கா, பானசோனிக் இரண்டோடும் சிக்மாவே கூட்டாளி. அங்கே சிக்மாவை வெளியாள் என்று சொல்வதே பொருந்தாது. ஃபூஜி எக்ஸ் மவுன்ட்டும் பின்னால் திறந்தது. சிக்மாவின் பிரைம்கள் 2022-ல் அதற்கு வந்தன.

நிக்கான் இசட், கேனான் ஆர்எஃப் இரண்டும் 2018-ல் வந்தவை, இரண்டும் நெடுநாள் கதவைச் சாத்தியே வைத்திருந்தன. நிக்கான் உரிமத்தோடு டாம்ரான் என்ற இன்னொரு லென்ஸ் கம்பெனி 2022-லும் சிக்மா 2023-லும் உள்ளே வந்தன. கேனான் இன்னும் இறுக்கம். 2022-ல் ஆர்எஃப் மவுன்ட்டுக்கான ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களை விற்பதை வில்ட்ராக்ஸ் நிறுத்த வேண்டி வந்தது. 2024 ஏப்ரலில்தான் சிக்மாவும் டாம்ரானும் உரிமத்தோடு ஆர்எஃப் லென்ஸ்களை அறிவித்தன, அதுவும் ஏபிஎஸ்-சி அளவுக்கானவை. ஆர்எஃப் கேமரா வைத்திருப்பவர் உரிமம் உள்ள லென்ஸா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

உரிமம் இருந்தாலும் எல்லாச் சலுகையும் கிடைத்துவிடாது. சோனியின் வேகமான கேமராக்கள் தங்கள் லென்ஸோடு நொடிக்கு 20, 30 படங்கள் எடுக்கும். வேறு கம்பெனி லென்ஸ் மாட்டினால் 15-க்கு மேல் போகாது. பறவையும் விளையாட்டும் எடுப்பவருக்கு இது முக்கியம். முதல் பிரைம் வாங்குபவருக்கு இது ஒரு குறையே இல்லை.

இதுவரை பார்த்ததன் சாரம்: லென்ஸின் நம்பகத்தன்மை அதன் பேச்சைப் பொறுத்தது. பேச்சு உரிமத்தோடு வந்ததா, ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க வழி இருக்கிறதா என்ற இரண்டும் தெரிந்தால் பாதி முடிவு எடுத்த மாதிரி.

"ஃபோகஸ் தப்பும்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

இந்தப் பயத்துக்கு நியாயமான காரணம் இருந்தது. டிஎஸ்எல்ஆர் கேமராவில் ஃபோகஸை அளக்கும் சென்சார் தனி. கேமராவுக்குள் இருக்கும் மிரரில் பட்டுக் கீழே திரும்பும் வெளிச்சத்தை அது அளக்கும். படம் பதிவதோ பின்னால் இருக்கும் இன்னொரு சென்சாரில். இரண்டு பாதைகளின் நீளமும் கேமராவிலும் லென்ஸிலும் மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் கண்ணுக்கு வைத்த ஃபோகஸ் காதில் போய் விழும். வேறு கம்பெனி லென்ஸ்களில் இந்தப் பிசகு அதிகம் என்ற புகார் பரவலாக இருந்தது. சிக்மா 2012-ல் அறிவித்த புதிய லென்ஸ் வரிசைக்கு யுஎஸ்பி டாக் என்ற ஒரு சின்னக் கருவியை விற்றதற்கும் இது ஒரு காரணம். வீட்டிலேயே லென்ஸைக் கணினியில் இணைத்து ஃபோகஸைச் சரிசெய்யலாம்.

மிரரே இல்லாத மிர்ரர்லெஸ் கேமராவில் அந்தத் தனி சென்சாரே இல்லை. படம் பதியும் சென்சாரே ஃபோகஸையும் அளக்கிறது, அளந்த இடமும் பதியும் இடமும் ஒன்றாகிவிட்டன. பழைய பிசகு வருவதற்கு இடமே கிட்டத்தட்ட இல்லை. இன்று மிர்ரர்லெஸில் வேறு கம்பெனி லென்ஸ் ஃபோகஸ் தப்புகிறது என்றால் பெரும்பாலும் வேகம் போதாமல் தப்பும்: ஆள் நகர்ந்துவிடுவார், லென்ஸின் மோட்டார் பின்தங்கிவிடும். டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவருக்கு மட்டும் அந்த அறிவுரை இன்னும் செல்லும்.

டிஎஸ்எல்ஆர்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. நிக்கான் டி3000, டி5000 வரிசை கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. 50 மி.மீ. எஃப்/1.8டி போன்ற பழைய லென்ஸ், நிக்கான் தானே செய்ததாக இருந்தாலும், அவற்றில் ஆட்டோஃபோகஸ் ஆகாது. லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள, ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருப்பது போன்றதைத்தான் வாங்க வேண்டும். கம்பெனி பெயர் ஒன்றாக இருந்தால் பேச்சும் ஒத்துப்போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது.

உதாரணத்துக்கு ஒரு ஜோடி

சோனி ஏ6400 அல்லது இசட்வி-இ10 வைத்திருப்பவர் 35 மி.மீ. பக்கம் ஒரு பிரைம் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சோனியின் சொந்த 35 மி.மீ. எஃப்/1.8 ஓஎஸ்எஸ் இருக்கிறது. சிக்மாவின் 30 மி.மீ. எஃப்/1.4 இருக்கிறது, 2016-ல் வந்தது.

ஓஎஸ்எஸ் என்பது கை நடுக்கத்தை ஈடுகட்ட லென்ஸுக்குள் ஒரு கண்ணாடிக் கூட்டம் அசையும் ஏற்பாடு. இந்த இரண்டு கேமராக்களிலும் சென்சாரை அசைத்து நடுக்கத்தை ஈடுகட்டும் வசதி கிடையாது. ஆகவே சோனி லென்ஸ் உண்மையிலேயே ஒன்றைக் கூடுதலாகத் தருகிறது. சிக்மா வேறொன்றைத் தருகிறது: எஃப்/1.8-ஐவிட எஃப்/1.4 சுமார் 1.65 மடங்கு வெளிச்சம் அதிகம்.

எது பெரிது? அது எதை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இருட்டான மண்டபத்தில் தூணையும் சிற்பத்தையும் கையில் பிடித்தபடி எடுக்கிறீர்கள் என்றால் ஓஎஸ்எஸ் பெரிய உதவி. ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைக்கலாம், சிற்பம் அசையப் போவதில்லை. குழந்தையை எடுக்கிறீர்கள் என்றால் ஓஎஸ்எஸ்ஸால் அவ்வளவாகப் பயனில்லை. அது உங்கள் கையைத்தான் அடக்கும், குழந்தையை அடக்காது. குழந்தையின் அசைவை நிறுத்த ஷட்டர் வேகம் வேண்டும், வேகத்துக்கு வெளிச்சம் வேண்டும், அதற்கு எஃப்/1.4. வீடியோவில் கேமராவைக் கையில் வைத்தே பேசுபவர் சோனியின் பக்கம் சாயலாம். வீட்டுக்குள் ஆட்களைப் படம் எடுப்பவருக்குச் சிக்மாவைத் தயங்காமல் சொல்வேன்.

இங்கே சிக்மா விலை குறைந்த மாற்று என்பதற்காக மட்டும் ஜெயிக்கவில்லை. சோனியின் வரிசையில் அந்த விலையில் இல்லாத ஒன்றை அது தருகிறது. வேறு கம்பெனி லென்ஸை வாங்குவதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த காரணம் இதுதான். மாறாக, கேனான் ஆர்எஃப் 50 மி.மீ. எஃப்/1.8, நிக்கான் இசட் 40 மி.மீ. எஃப்/2 போலக் கேமரா கம்பெனியே சிறிதாகவும் நியாயமான விலையிலும் ஒரு லென்ஸ் விற்கும்போது, சொற்பத் தொகை மிச்சமாகும் என்று வெளியே தேடுவதில் எனக்குப் பொருள் தெரியவில்லை.

அசல் என்பதாலேயே எல்லாம் மேல் என்றும் இல்லை. சோனியின் ஃபுல் ஃப்ரேம் 50 மி.மீ. எஃப்/1.8 (2016) ஆட்டோஃபோகஸில் மெதுவானது, சத்தமும் போடும் என்று பெயர் வாங்கியது. அதன் பிறகு வந்த பல வெளிக் கம்பெனி லென்ஸ்கள் ஸ்டெப்பிங் மோட்டாரோடு (சிறு சிறு அடிகளாக நகரும் மோட்டார்) சத்தமில்லாமல் நகர்கின்றன.

கண்ணாடியில் பார்க்க வேண்டியவை

கூர்மையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எஃப்/5.6-க்கு மூடிவிட்டால் இன்றைய பிரைம்கள் அநேகமாக எல்லாமே கூர்மைதான். வித்தியாசம் துளையை முழுசாகத் திறந்தால்தான் தெரியும், மாதிரிப் படங்களை அப்படித்தான் தேட வேண்டும். வெள்ளை வேட்டி ஓரத்திலும் வெள்ளி நகையிலும் ஊதா அல்லது பச்சைக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். இதற்குக் குரோமாடிக் அபரேஷன் என்று பெயர், நிறங்கள் ஒரே இடத்தில் சேராததால் வருவது. எதிரே விளக்கோ சூரியனோ இருக்கும்போது படம் முழுக்க வெளிறுகிறதா என்றும் பாருங்கள், அது ஃபிளேர். விலை குறைந்த லென்ஸ்களில் கண்ணாடியின் மேல்பூச்சில் செலவை மிச்சம் பிடித்திருந்தால் அது முதலில் இங்கேதான் காட்டிக்கொடுக்கும். விளக்குகள் நிறைந்த கல்யாண மேடையை எடுப்பவருக்குக் கூர்மையைவிட ஃபிளேர் முக்கியம் என்பது என் கருத்து.

ஆட்டோஃபோகஸே இல்லாத லென்ஸ்கள்

செவன்ஆர்டிசன்ஸ், டிடிஆர்டிசன் போன்ற சீனக் கம்பெனிகள் மின்தொடுப்பே இல்லாத லென்ஸ்களை மிகக் குறைந்த விலையில் விற்கின்றன, சிலவற்றில் எஃப்/0.95 கூட உண்டு. பேச்சே இல்லாததால் பேச்சில் கோளாறு வரவும் வழியில்லை. மாட்டியதும் பல கேமராக்கள் லென்ஸே இல்லை என்று நினைத்துப் படம் எடுக்க மறுக்கும். மெனுவில் லென்ஸ் இல்லாமலே ஷட்டர் இயங்க அனுமதிக்கும் தேர்வை இயக்கினால் சரியாகிவிடும். நிதானமாக எடுப்பவருக்கு இவை நல்ல பயிற்சி. ஓடும் குழந்தைக்கு எஃப்/0.95-ல் கையால் ஃபோகஸ் வைப்பது பழகியவர்களுக்கே பெரும்பாடு, ஒரே லென்ஸாக இதை வாங்க வேண்டாம்.

வாங்கிய முதல் வாரம்

ஒரே மாடலில் இரண்டு லென்ஸ்கள் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதில்லை. உள்ளே ஒரு கண்ணாடி மையத்திலிருந்து இம்மி விலகியிருந்தால் படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கும். இதை டீசென்டரிங் என்கிறார்கள். விலை உயர்ந்த அசல் லென்ஸிலும் இது வரலாம். ஆனால் தரப் பரிசோதனைக்குக் குறைவாகச் செலவு செய்யும் கம்பெனிகளில் வாய்ப்பு கூடுதல். அதனால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சோதித்துவிட வேண்டும்.

கேமராவை முக்காலியில் வையுங்கள். தூரத்தில் நுணுக்கமான எழுத்துள்ள ஒரு பலகையைத் தேர்ந்தெடுத்து, துளையை முழுசாகத் திறந்து, அந்தப் பலகை படத்தின் நான்கு மூலைகளிலும் வருகிற மாதிரி நான்கு படங்கள் எடுங்கள். ஒவ்வொரு முறையும் பலகையிலேயே ஃபோகஸ் வையுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு தெளிவாக இருக்க வேண்டும். நான்கும் கொஞ்சம் மங்கல் என்றால் அது லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் தனியாக மங்கினால் லென்ஸை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

அப்புறம், பில். உள்ளூரில் சர்வீஸ் எங்கே என்று கடைக்காரர் சொல்லத் தயங்கினால் வாரண்டி என்பது பெரும்பாலும் அந்தக் கடையோடு முடிந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பில் இல்லாத இறக்குமதிச் சரக்கில் கிடைக்கும் தள்ளுபடி, மோட்டார் ஒருமுறை நின்றால் அதோடு போய்விடும். விலையை ஒப்பிடும்போது, சர்வீஸ் உள்ள லென்ஸின் விலையோடு சர்வீஸ் உள்ள இன்னொன்றின் விலையைத்தான் ஒப்பிட வேண்டும்.